ஆண்டு இல்லாத எண்கள்: கடையநல்லூரை இயந்திரம் எழுதும்போது

தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரவர் மாவட்டத்தைப் பற்றியே ஒரு பாடநூல் இருந்த காலம் உண்டு. தஞ்சாவூர்ப் பிள்ளை தஞ்சாவூரைப் படித்தது; திருநெல்வேலிப் பிள்ளை திருநெல்வேலியைப் படித்தது. இன்றைய சமூக அறிவியல் நூல்கள் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை. தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் படிக்கும் ஒரு குழந்தை தஞ்சைப் பெரிய கோயிலையும் மேட்டூர் அணையையும் பாடத்தில் அறிந்துகொள்கிறது. தன் வீட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கருப்பாநதி அணையைப் பற்றி அதன் பாடநூலில் ஒரு வரி கிடைப்பதே அரிது. ஒரு வட்டத்துக்கென்று தனியாகப் பாடநூல் எழுதி அச்சிடுவது எந்த அரசுக்கும் பதிப்பகத்துக்கும் கட்டுபடியாகாது.

இணையத்தில் கிடக்கும் தகவலைத் திரட்டி இயந்திரமே பாடம் எழுதினால் என்ன என்ற கேள்வி இந்த இடத்தில்தான் உயிர்பெறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஊரக வளர்ச்சித் துறையின் புள்ளிவிவரம், அணைகளின் நீர்மட்டம், பழைய கெசட்டியர்கள், விக்கிப்பீடியா என்று மூலங்களுக்குக் குறைவில்லை. ஒரு மென்பொருள் அவற்றைப் படித்து, கடையநல்லூருக்கு ஒரு பாடம், சங்கரன்கோவிலுக்கு ஒரு பாடம், செங்கோட்டைக்கு ஒரு பாடம் என்று ஒரே இரவில் எழுதித் தள்ளிவிடும். தமிழில் இதற்கு முன்னோட்டமும் நடந்திருக்கிறது. அதன் அனுபவம் சொல்வதைக் கேட்காமல் இணைய உரைகளைப் படித்துப் பழகிய பெருமொழி மாதிரிகளிடம் பாடநூலை ஒப்படைப்பது அவசரம்.

தானியங்கி எழுதிய ஊராட்சிகள்

2002 அக்டோபரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'ராம்பாட்' என்ற தானியங்கி, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை வாக்கியங்களாக்கி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ஊர்களுக்குக் கட்டுரை உருவாக்கியது. உத்தி எளியது. ஒரு மாதிரிக் கட்டுரையை எழுதி, ஊர்ப்பெயரும் எண்ணும் வர வேண்டிய இடங்களைக் காலியாக விட வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் அதில் இட்டு நிரப்ப வேண்டும். அதே வழியில் 2001 கணக்கெடுப்பைக் கொண்டு இந்திய ஊர்களுக்கும் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் குறுங்கட்டுரைகள் பெருகின. தமிழ் விக்கிப்பீடியாவின் நகராட்சி, பேரூராட்சிக் கட்டுரைகள் பலவற்றின் முதல் வடிவம் இந்த வார்ப்புருவிலிருந்து வந்ததே.

அடுத்த கட்டம் தமிழ்நாட்டுக்கே உரியது. 2015-இல் தமிழ்நாட்டில் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. 'வாணி' எழுத்துப் பிழைதிருத்தியை உருவாக்கியவர் என்று தமிழ்க் கணிமை உலகம் அறிந்த நீச்சல்காரன் ஒரு தானியங்கி எழுதினார். ஊரக வளர்ச்சித் துறையின் 2015-ஆம் ஆண்டுத் தகவலைக் கொண்டு அது ஊராட்சிக்கு ஒன்றாகக் கட்டுரைகளை உருவாக்கியது. ஊராட்சி எந்த ஒன்றியத்தில், எந்தத் தொகுதியில் வருகிறது, 2011-இல் மக்கள் எத்தனை பேர் என்ற விவரங்களுக்கு அடுத்து அடிப்படை வசதிகளின் அட்டவணை. குடிநீர் இணைப்பு, கைக்குழாய், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பள்ளிக் கட்டடம், ஊரணி அல்லது குளம், சந்தை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு வரை எண்ணிக்கை. கடைசியில் ஊராட்சிக்குள் அடங்கிய சிற்றூர்களின் பட்டியல். பல சிற்றூர்களின் பெயர் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் இடம்பெற்றது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தால் இவ்வளவு கீழே இறங்கியிருக்க முடியாது.

இந்தக் கட்டுரைகளின் நடையைத் தட்டை என்று குறை சொல்வோர் உண்டு. தட்டைக்குப் பின்னால் இலக்கணக் காரணம் ஒன்று இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பொறுத்து வடிவம் மாறும். கடையநல்லூர் கடையநல்லூரில் ஆகும். பொய்கை பொய்கையில் ஆகும். நயினாரகரம் நயினாரகரத்தில் ஆகும். இந்த விதிகளையெல்லாம் நிரலில் எழுதிச் சரிபார்ப்பதைவிட எளிய வழி, ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'ஊராட்சி' என்ற மாறாத சொல்லை நிறுத்திவிடுவது. உருபு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஊர்ப்பெயர் உருமாறாமல் நிற்கும். ஆயிரக்கணக்கான பக்கங்களில் புணர்ச்சிப் பிழை வராமல் காத்தது இந்தச் சின்ன ஏற்பாடு.

தட்டையான நடையில் இன்னொரு நன்மையும் உண்டு. படிப்பவருக்கு இது அட்டவணையிலிருந்து வந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆண்டு கண்ணெதிரே நிற்கும், மூலம் எது என்பதும் நிற்கும். சந்தேகப்பட வேண்டிய இடம் மறைக்கப்படுவதில்லை.

59.5 என்ற எண்ணின் கதை

வார்ப்புருவிலும் ஆபத்து உண்டு. 2001 கணக்கெடுப்பைக் கொண்டு உருவான நகரக் கட்டுரைகளில் ஊரின் கல்வியறிவு விழுக்காட்டைச் சொன்ன கையோடு, இது இந்தியச் சராசரியான 59.5 விழுக்காட்டைவிடக் கூடுதல் அல்லது குறைவு என்று ஓர் ஒப்பீடு வரும். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஊர் ஊராக இந்த எண் பரவியது. 2001 கணக்கெடுப்பு அறிவித்த இந்தியக் கல்வியறிவு விகிதமோ 64.8 விழுக்காடு. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண் அது.

இப்போது 62 விழுக்காடு உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வார்ப்புரு அதை நாட்டின் சராசரிக்கு மேலே வைக்கும். அதிகாரபூர்வ எண் கீழே வைக்கும். ஊரின் எண்ணையும் நாட்டின் எண்ணையும் ஒரே வயது வரம்பில் கணக்கிட்டார்களா என்ற கேள்வி எழாமலே ஒப்பீடு நடந்துவிடுகிறது. தனி எண் ஒன்று தவறாக இருப்பதைவிட இது கெட்டது. ஊர்ப்பெருமையாகவோ ஊர்ச் சிறுமையாகவோ மாணவர் மனத்தில் தங்குவது எண்ணைவிட அந்த ஒப்பீடுதான். ஓர் ஆசிரியர் தவறினால் ஒரு வகுப்பு தவறாகப் படிக்கும். வார்ப்புரு தவறினால் எல்லா ஊர்களும் ஒரே தவறைப் படிக்கும்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. இயந்திரம் எண்ணைச் சொல்லலாம். எந்த ஆண்டின் எண், யாரை எண்ணிய எண் என்பதைச் சொல்லாமல் அடுத்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மாவட்டம் மாறிய ஊர்

2019 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் அறிவிப்பு; அதே ஆண்டு நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உதயம். எட்டு வட்டங்கள், பத்து ஊராட்சி ஒன்றியங்கள். 2015 தரவைக் கொண்டு தானியங்கி எழுதிய கடையநல்லூர் வட்டாரத்து ஊராட்சிக் கட்டுரைகளில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தவை எல்லாம் அன்றைக்குப் பழையவை ஆயின. அவை எழுதப்பட்டபோது பொய்யாக இருந்தவை அல்ல.

மனிதர் திருத்தும் இடத்தில் இத்தகைய மாற்றம் மெதுவாகவேனும் சரிசெய்யப்பட்டுவிடும். இணையத்தை மொத்தமாக விழுங்கிப் பழகிய மொழி மாதிரிக்கு நிலைமை வேறு. அதற்குள் கடையநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்து ஊர் என்று சொல்லும் ஆவணங்களும் தென்காசி மாவட்டத்து ஊர் என்று சொல்லும் ஆவணங்களும் கலந்து கிடக்கின்றன. 2019-க்கு முந்தைய நூறாண்டு ஆவணங்கள் முதல் தரப்பில் நிற்கின்றன. தேதியைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பழைய ஆவணமே வெல்லும்.

மக்கள்தொகையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி கடையநல்லூர் நகராட்சியின் மக்கள்தொகை 90,364. இது அட்டவணையில் நேரடியாகக் கிடைக்கும். கடையநல்லூர் வட்டத்தின் மக்கள்தொகை என்ன என்று கேட்டால், 2011-இன் வட்ட அட்டவணையில் அப்படி ஒரு வட்டமே கிடையாது. அது பின்னால் உருவானது. தென்காசி மாவட்டத்துக்கு ஏறத்தாழ 14 லட்சம் என்று சொல்லப்படும் எண்ணும், அப்போது மாவட்டமாக இல்லாத நிலப்பரப்பின் ஊர்களைப் பிற்காலத்தில் கூட்டி வந்ததுதான். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே நேர்மையான ஒரு பாடம் இந்த எண்ணைச் சொல்லும்போது கூட்டி வந்த விவரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயர்களும் இடறும். கடையநல்லூரை ஒட்டிய கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பெயர் பெற்றது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இன்னொரு கிருஷ்ணாபுரம் இருக்கிறது. அங்கே வேங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களைக் காண உலகெங்குமிருந்து வருகிறார்கள். 2019 வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பெயரையும் மாவட்டத்தையும் மட்டும் வைத்துத் தகவலைப் பொருத்தும் நிரல், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சிற்பங்களைக் கடையநல்லூருக்கு எடுத்து வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஊராட்சிகளுக்கு உள்ளாட்சி அடைவின் குறியீட்டு எண்ணும், கிராமங்களுக்குக் கணக்கெடுப்பின் எண்ணும், பள்ளிகளுக்கு யுடைஸ் எண்ணும் இருக்கின்றன. பெயரைக் கொண்டு தேடாமல் குறியீட்டைக் கொண்டு பொருத்துவது தானியக்கப் பாடத்தின் அடிப்படை ஒழுக்கம்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் மூலம் வரும் ஊர்ப்பெயர்கள் தனித் தொல்லை. ல, ள, ழ மூன்றையும் ஆங்கிலப் பட்டியல் வேறுபடுத்திக் காட்டாது. அதிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது இலஞ்சி இளஞ்சியாகலாம். கடையநல்லூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையிலுள்ள பாம்புக்கோவில் சந்தை நிலையம், ஆங்கிலப் பலகையைப் பார்த்து எழுதும் இயந்திரத்திடம் 'ஷாண்டி' ஆகிவிடும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்துவிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. செய்தித்தளங்களில் அந்தப் புதுக் கூட்டல்கள் மட்டும் இன்றும் கிடக்கின்றன. அறிவிப்பை மட்டும் பொறுக்கிக்கொண்ட மென்பொருளுக்கு அது திரும்பப் பெறப்பட்டது தெரிய வாய்ப்பில்லை.

எழுதப்பட்டவையும் எழுதப்படாதவையும்

எண்களைவிட வரலாறு கடினம். பதிப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காலனிய நூல்கள்: கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, எச். ஆர். பேட் தொகுத்து 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி கெசட்டியர். பாளையக்காரர், ஜமீன், வரி, போர் ஆகியவையே அவர்கள் கண்ணில் பெரிதாகப் பட்டன. ஆகவே கடையநல்லூர் வட்டாரத்தைப் பற்றித் தானாக எழுதப்படும் வரலாற்றில் சொக்கம்பட்டி ஜமீன் தவறாமல் வரும். நெசவாளர் வீட்டுத் தறி வருமா என்பது உறுதியில்லை.

செங்கோட்டைக்கு நேர்வதைப் பாருங்கள். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. திருநெல்வேலி கெசட்டியரில் தேடினால் அது அந்த மாவட்டத்து ஊராகக் கிடைக்காது; நாகம் அய்யா 1906-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் அரசுக் கையேட்டைப் புரட்ட வேண்டும். தென்காசி மாவட்ட வரலாறு என்று ஒரு பாடம் எழுத இரண்டு ஆட்சிகளின் ஆவணங்கள் வேண்டும் என்பது உள்ளூர் ஆசிரியருக்குத் தெரியும். மாவட்டப் பெயரை வைத்துத் தேடும் நிரலுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

கடையநல்லூரின் சொந்த வரலாற்றில் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் பதிவாகியிருக்கிறது. நெசவுத் தொழிலில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தன. ஆண்கள் மட்டும் சென்று பணம் அனுப்பிய பிற தென்னிந்தியக் குழுவினர் பலரைப் போலன்றி, பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பத்தோடு சென்று குடியமர்ந்தவர்கள் இவர்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், அவர்கள் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. 1983-இல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதே பெயரை ஏற்றது. ஊரில் பிழைக்க வழியில்லாமல் போனவர்கள் அயலூரில் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் வேண்டும் என்று தாங்களே பள்ளி கட்டினார்கள்.

சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களின் நினைவுகளைப் பதிவு செய்துவருகிறது. தேசிய நூலக வாரியம் அவற்றைப் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. போனவர்களின் கதையை இயந்திரம் கண்டுபிடிக்கும். ஊரிலேயே தறியோடு இருந்துவிட்டவர்களின் கதையைக் கண்டுபிடிக்க இணையத்தில் அவ்வளவு தடயம் கிடையாது. இயந்திரம் எழுதும் கடையநல்லூர், ஆவணம் வைத்துக்கொள்ள வசதி இருந்தவர்களின் கடையநல்லூராகவே இருக்கும். நிரலைச் செம்மைப்படுத்தி இதைத் தீர்க்க முடியாது. பள்ளி மாணவர்கள் தங்கள் பாட்டிமாரிடம் பேசி எழுதி இணையத்தில் ஏற்றினால் தீரும்.

சரளம் என்னும் திரை

2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மூலம், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஏற்றியது. 2010-இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் இத்திட்டத்தை விரிவாக ஆராய்ந்து பேசினார். தமிழுக்கு வராத வாக்கிய அமைப்பு, பிழை மலிந்த எழுத்து, தமிழ் வாசகருக்குத் தொடர்பில்லாத தலைப்புத் தேர்வு, எழுதியவர்கள் திருத்துவோருடன் பேசாதது ஆகியவை குறைகளாக முன்வைக்கப்பட்டன. அந்தக் குறைகள் படித்தவுடன் உறுத்தின. உறுத்தியதால் எதிர்க்க முடிந்தது.

இன்றைய பெருமொழி மாதிரிகள் உறுத்தாத தமிழ் எழுதக் கற்றுவருகின்றன. ஊராட்சிக் கட்டுரையின் தட்டை நடை போய், குற்றாலச் சாரலும் தென்றலும் கலந்த அழகான பத்தி வந்துவிடும். அட்டவணையில் குளம் ஏழு என்று இருந்தால் தானியங்கி ஏழு என்று எழுதி நிறுத்தும். மொழி மாதிரியோ, ஏழு குளங்களும் நிரம்பி வயல்கள் செழிக்கின்றன என்று தொடரும். பின்பாதிக்கு எந்த அட்டவணையிலும் ஆதாரம் இல்லை. முன்பாதியின் நம்பகத்தை அது இரவல் வாங்கிக்கொள்கிறது.

அளவு பெருகுவது மட்டும் ஒரு மொழிக்கு நன்மை ஆகிவிடாது என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 லட்சம் கட்டுரைகள். மிகப் பெரும்பாலானவை ஒரே தானியங்கி எழுதியவை. அவற்றைப் பேணும் தன்னார்வலர்கள் மிகச் சிலர். கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடுவதென்று 2025-இல் முடிவானது. அம்மொழி தெரியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பால் நிரப்பிய பிழையான பக்கங்கள் அங்கே குவிந்தன. மொழி மாதிரிகள் அந்தப் பக்கங்களைப் படித்துப் பழகினால் அடுத்த தலைமுறைப் பிழை அவற்றிலிருந்தே பிறக்கும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்த நிலை வராததற்குக் காரணம், 2003 முதல் தொடர்ந்து திருத்திவரும் மனிதர்கள்.

எங்கே இயந்திரம், எங்கே மாணவர்

இவ்வளவும் சொல்வது இயந்திரத்தை விலக்க அல்ல. எந்த ஆசிரியராலும் செய்ய முடியாததை அது செய்யும் இடங்கள் உண்டு. 72 அடிக் கருப்பாநதி, 132 அடி அடவிநயினார் அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாக வருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டாலும் நனையும் வட்டாரம் இது. ஓராண்டு நீர்மட்டத்தை வரைபடமாக்கினால் இரண்டு பருவமும் கோட்டில் தெரியும். பருவமழைப் பாடத்துக்கு இதைவிட நல்ல படம் எது? வாரம் ஒருமுறை புதுப்பித்து, கணக்கு வகுப்புக்குச் சராசரியும் அறிவியல் வகுப்புக்கு மழையளவும் சேர்த்துப் பயிற்சித்தாள் தருவதற்கு மென்பொருளே தகும். தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கும் மாவட்டத்தில், இதற்கான ஆட்களைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

ஊராட்சியின் அட்டவணையையும் விடையாகத் தராமல் வினாவாகத் தரலாம். 2015-இல் உங்கள் ஊராட்சியில் இத்தனை குளம், இத்தனை கைக்குழாய் என்று அரசுத் தரவு சொல்கிறது. இன்று எத்தனை, எவை பயன்பாட்டில் உள்ளன என்று எண்ணி வாருங்கள். சொக்கம்பட்டியிலும் இடைகாலிலும் காசிதர்மத்திலும் பிள்ளைகள் எண்ணி வந்தால் பாடம் நடக்கும், தரவும் திருந்தும். இயந்திரம் எழுதிய பக்கத்தை மாணவர் மனப்பாடம் செய்யும்போது தவறு பரவுகிறது. சோதித்துப் பார்க்கும்போது நிற்கிறது. தானியக்கப் பாடத்தின் தரம், சோதிக்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

அதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். எண் வரும் வாக்கியத்திலேயே ஆண்டும் மூலமும் வர வேண்டும். அடிக்குறிப்பில் ஒளிக்கக் கூடாது. மூலத்தில் இல்லாததைப் பற்றி இயந்திரம் எழுதக் கூடாது. அதற்குரிய கட்டம் காலியாகவே அச்சாக வேண்டும். பாடத்தைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட ஆசிரியரின் பெயரும் பார்த்த தேதியும் மேலே இருக்க வேண்டும். பெயர் இல்லாத பாடம் வகுப்புக்குள் வரக் கூடாது.

இந்த ஒழுங்கை அமைக்க நாள் அதிகம் இல்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவுகள் வரும்போது தென்காசி மாவட்டத்துக்கும் கடையநல்லூர் வட்டத்துக்கும் முதல் முறையாகச் சொந்த அட்டவணை கிடைக்கும். அந்த வாரமே இணையம் எங்கும் இயந்திரங்கள் புதுப் பக்கங்களை எழுதிக் குவிக்கும். 2011-இன் எண்ணும் 2027-இன் எண்ணும் ஒரே பத்தியில் ஆண்டில்லாமல் கலக்கும். மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் கல்லூரிகளும் உள்ளூர்க் கணினிக்காரர்களும் இப்போதே ஊராட்சிகளின் குறியீட்டுப் பட்டியலையும் பழைய எண்களையும் சரிபார்த்து வைத்துக்கொண்டால், அந்தக் குவியலில் எதை வகுப்புக்குள் விடலாம் என்று பிரித்துச் சொல்ல அவர்களிடம் அளவுகோல் இருக்கும்.